தொழுகை அறையை மறைத்தவன்

நூர்ஜஹான் டீச்சரின் வேலையைப் போக்கியவன் நான். என் வாயால் சொன்ன ஒரு பொய்யால் போனது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டேன். மறையூரில் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் கரும்புச் சக்கை அள்ளினேன். வண்டன்மேட்டில் ஏலக்காய் மூட்டை தூக்கினேன். குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்கும் பேருந்தில் கிளீனராக இருந்தேன். எங்கும் நிலைத்ததில்லை. படுக்க இடம் கேட்கும்போது காதர் என்று சொன்னால் சில இடங்களில் முகம் மாறும். ராஜா என்று சொல்லிவிடுவேன், இடம் கிடைக்கும். அது எனக்குத் தப்பாகவே தோன்றியதில்லை. மழைக்கு ஒதுங்குவது போலத்தான்.

கடைசியில் பாலக்காட்டுக்குக் கிழக்கே, எங்கள் சனங்கள் நடத்தும் ஒரு சிறிய பள்ளியில் வேன் ஓட்ட வந்தேன். கேட்டருகே ஓர் அறையும் கொடுத்தார்கள். மனைவியை அழைத்து வந்து வைத்துக்கொள்ள எனக்குக் கிடைத்த முதல் கூரை அது.

தலைமையாசிரியை நூர்ஜஹான் டீச்சர். பள்ளிக்கு அரசு அங்கீகாரம் வாங்க ஆண்டுக்கணக்காக அலைந்தவர். அது கிடைக்காவிட்டால் மூடுவதைத் தவிர வழியில்லை என்ற நிலை. ஒருவழியாக, பார்வையிட அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. முந்தின நாள் டீக்கடையில் யாரோ சொன்னார், தொழுகை அறை கண்ணில் பட்டாலே போதும், கையெழுத்துப் போட மாட்டார்கள் என்று. எங்கள் பள்ளியில் அப்படி ஓர் அறை இருந்தது. டீச்சரிடம் ஓடிப்போய், அந்த அறையைப் பூட்டிவிடலாமா என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஏன் பூட்டோணுங்கறே? நாம என்ன திருட்டுச் சரக்கா வெச்சிருக்கறோம்? வெச்சது வெச்ச எடத்துலயே இருக்கட்டும், காதரு."

சிரிப்பதற்கு அவருக்குத் தைரியம் இருந்தது. பள்ளியில் இந்துப் பிள்ளைகளும் படித்தார்கள். தொழுகை நேரத்தில் அவர்கள் நூலகத்தில் இருப்பார்கள். ஒரு பிள்ளையைக்கூட அவர் உள்ளே வரச் சொன்னதில்லை. சட்டம் தெரிந்தவர்... எனக்குப் பயம் மட்டும்தான் தெரியும்.

அதிகாரியின் ஜீப் வந்ததும் டீச்சர் வாசலுக்குப் போனார். நான் உடைந்த பெஞ்சுகளை இழுத்து அந்தக் கதவுக்கு முன்னால் அடுக்கினேன். மேலே ஒரு தார்ப்பாயைப் போர்த்தினேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்! நம்புவீர்களா?

வராந்தாவில் முன்னால் நடந்து வந்த அதிகாரி, இது என்ன அறை என்று மலையாளத்தில் என்னைக் கேட்டார். ஸ்டோர் ரூம் என்றேன். பின்னால் வந்த டீச்சருக்கு அது கேட்கவில்லை. பெஞ்சுகளைப் பார்த்துத் திகைத்தார். அவரையும் அதிகாரி அதையே கேட்டார். தொழுகை அறை என்று உள்ளதைச் சொல்லிவிட்டார்.

அதிகாரி கத்தவில்லை. தொழுகை அறை வைத்துக்கொள்வது உங்கள் உரிமை, அதை நான் எதற்குத் தடுக்கப்போகிறேன் என்றார். ஆனால் ஏன் மறைத்தீர்கள்? மற்ற மதத்துப் பிள்ளைகளையும் உள்ளே கொண்டுபோகிறீர்களா? டீச்சர் நூலகத்தைக் காட்டினார். பெற்றோரை அழைத்துக் கேளுங்கள் என்றார். எதுவும் அந்த மனிதரின் காதில் ஏறவில்லை. அங்கீகாரம் நிறுத்திவைக்கப்பட்டது.

பள்ளியை நடத்தும் கமிட்டி கூடியது. தான் வேண்டாமென்று சொல்லியும் நான் செய்த வேலை என்று டீச்சர் சொல்லியிருந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"ஏப்பா, நீயாச் செஞ்சயா, ஆராச்சும் சொல்லிச் செஞ்சயா?" என்றார் தலைவர். "நீயாச் செஞ்சிருந்தா ரூமக் காலி பண்ணிப்போட்டு இன்னைக்கே கெளம்பீரு."

"டீச்சர் சொன்னாங்க," என்றேன்.

அவ்வளவுதான்! எப்படி வந்தது அந்தச் சொல்? யோசித்துச் சொன்னேனா, தானாக வந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை...

"காதரு, என்னையப் பாத்துச் சொல்லு," என்றார் டீச்சர்.

நான் தலைவரைப் பார்த்தபடி மறுபடியும் அதையே சொன்னேன். இரண்டாவது முறை யோசித்துத்தான் சொன்னேன். அது எனக்குத் தெரியும்.

அவரை விலக்கினார்கள். புதிய தலைமையாசிரியர் வந்தார். அதிகாரி மறுபடியும் வந்து பார்த்தார், அங்கீகாரம் கிடைத்தது. தொழுகை அறை இன்று திறந்தே கிடக்கிறது. டீச்சர் நினைத்தபடியே எல்லாம் நடக்கிறது. அவர் மட்டும் இல்லை.

போன வாரம் அலுவலகத்தில் நான் தனியாக இருந்தபோது தொலைபேசி அடித்தது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பள்ளியிலிருந்து ஒரு பெண் பேசினார். நூர்ஜஹான் என்பவர் அங்கே வேலை கேட்டிருக்கிறாராம். உங்கள் பள்ளியிலிருந்து அவரை ஏன் விலக்கினீர்கள் என்று கேட்டார்.

"நல்லாத்தானுங்க பாடம் நடத்திக் காட்டுனாங்க. எங்களுக்கு இது ஒண்ணுதான் இடிக்குது," என்றார்.

நீங்களே நினைத்துப் பாருங்கள்... சுற்றிலும் யாரும் இல்லை. அவர் மேல் குற்றமில்லை என்று ஒரு வரி சொன்னால் போதும்! நீ யார், உனக்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்பாரோ, கமிட்டிக்கு எழுதிப்போடுவாரோ என்று பயந்தேன். கேட்டருகே என் மனைவி துணி உலர்த்துவது ஜன்னல் வழியே தெரிந்தது. தலைமையாசிரியர் இல்லை, அப்புறம் கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டேன்.

சிறிது நேரத்தில் மறுபடியும் அடித்தது. நான் வெளியே வந்து வேனில் ஏறி உட்கார்ந்தேன். அங்கேயும் அது கேட்டது... கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.