எடுக்க வராதவரின் மணிக்கூடு

திருத்தத் தந்துவிட்டு எடுக்க வராதவர்களின் மணிக்கூடுகளில் கை வைக்கமாட்டேன் என்று வீறாப்பாகச் சொல்லித் திரிந்தவன் நான். போன வருடம் அந்த வீறாப்பும் போயிற்று.

ஏறாவூரில் ஒரு அடித்தட்டு, காத்தான்குடியில் இரண்டு பற்சக்கரம் என்று செத்த மணிக்கூடுகளிலிருந்து மூன்று வருடமாகப் பாகம் பொறுக்கி, சாவி கொடுக்கும் பழைய கைமணிக்கூட்டு இயந்திரமொன்றை எனக்கென்று பூட்டிக்கொண்டிருந்தேன். பலன்ஸ் சக்கரம் மட்டும் அகப்படவில்லை. அது ஆடினால்தான் மற்றதெல்லாம் ஓடும். அதே கொம்பனி மணிக்கூடு ஒன்று என் அலுமாரியில் கிடந்தது, பழுகாமத்துக்காரர் ஒருவருடையது. சண்டைக் காலத்தில் தந்துவிட்டுப் போனவர் வீடு போய்ச் சேரவில்லை. அவர் மனைவி வருடத்துக்கொருதரம் வந்து அது இருக்கிறதா என்று பார்ப்பார். கொடுத்தால் வாங்கமாட்டார். புருசன்தான் வந்து எடுக்க வேண்டுமாம்.

அதன் சக்கரத்தைக் கழற்றினேன். என் இயந்திரம் ஓடியது. சந்தோசத்தைவிடப் பயம்தான் வந்தது. கடை வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் அந்த அக்கா வந்து நிற்கிறார்!

"தம்பி, மணிக்கூட்டத் தாங்க. இந்த ஆடி அமாவாசைக்கு மகன் தகப்பனுக்கு விரதம் பிடிக்கப் போறானாம். நானும் ஓமெண்டுட்டன்."

தகப்பன் உயிரோடு இருந்தால் பிள்ளை அந்த விரதம் பிடிப்பதில்லை. புருசன் இல்லை என்பதற்கு இப்போதுதான் சம்மதித்திருக்கிறார். "துடைச்சுத் தாறன் அக்கா, நாளைக்கு வாங்க" என்று சமாளித்து அனுப்பினேன்.

என்னுடையதைக் கழற்றி, சக்கரத்தைத் திரும்பவும் அந்த மணிக்கூட்டில் பூட்டினேன். அதோடு விட்டிருக்கலாம், மடையன். செய்த களவு உறுத்தியதில் முழுவதையும் கழுவி, எண்ணெய் விட்டு, சாவியும் கொடுத்து வைத்தேன்.

மறுநாள் அக்கா அதைக் காதில் வைத்தார். முகம் மாறியது.

"ஓடுது, தம்பி."

"ஓம் அக்கா."

"வேற சாமான் போட்டீங்களா?"

"இல்லக்கா. எல்லாம் அவர்ர சாமான்தான்."

"இவ்வளவு காலமும் நிண்டது இப்ப ஓடுதெண்டா, ஆள் எங்கயோ இருக்காரு." மணிக்கூட்டை என் பக்கம் தள்ளினார். "நீங்களே வெச்சிருங்க. மகனிட்ட நான் சொல்றன், விரதம் வேணாமெண்டு."

ஓடவைத்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் கண்டதில்லை. மணிக்கூட்டை எடுத்துத் திரும்பவும் அலுமாரியில் வைத்தேன்.

எந்த நாளில் வந்து காதில் வைப்பாரோ என்று தினமும் காலையில் அதற்குச் சாவி கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறக்கிறேன், அதற்காக மட்டும்.