ஓர் ஏத்தங்குலையும் இரண்டு விளையாட்டும்

நேற்று காலை நெய்யாற்றின்கரையில் ரயிலேறினேன். எதிரில் இரண்டு கல்லூரிப் பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி போனில் வயல் உழுது தக்காளி விளைவிக்கிறாள். மற்றவள் ஆட்களைச் சுட்டுத் தள்ளுகிறாள். யார் பெரிய ஆட்டக்காரி என்று வழக்கு. "அங்கிள் சொல்லுங்க, இது ரெண்டையும் ஒப்பிட முடியுமா?" என்றாள் ஒருத்தி. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த விஷயத்தில் ஒருமுறை தீர்ப்புச் சொல்லிக் கெட்டவன் நான்.

யாரோ ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அந்தத் தேங்காயெண்ணெய் வாசனை என்னை எங்கள் ஊர் அதியன்னூர் கிளப்பின் பழைய ஓணம் ஒன்றுக்குக் கொண்டுபோய் விட்டது.

கிளப் என்றால் ஓட்டுக்கூரை, ஒரு கேரம் போர்டு, கல்ஃபிலிருந்து வந்த ஒருவர் கொடுத்த பழைய கம்ப்யூட்டர். அவ்வளவுதான். வடம் இழுப்பு, உறியடியோடு அந்த வருடம் கம்ப்யூட்டர் விளையாட்டையும் போட்டியில் சேர்த்தோம். பரிசு ஒரு முழு ஏத்தங்குலை. மற்ற ஊர்களில் நேந்திரங்குலை என்பார்கள். கம்ப்யூட்டரில் இருந்ததே இரண்டு விளையாட்டு. ஒன்று கார் ஓட்டுவது, மற்றது மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்குவது. எதை வேண்டுமானாலும் ஆடலாம் என்று நோட்டீஸ் ஒட்டினோம். அந்த மேதாவித்தனம் என்னுடையது. நடுவரும் நானே.

கார் ஓட்டிய என் தம்பி பிபின் எண்பதாயிரம் புள்ளி எடுத்தான். கட்டை அடுக்கிய ஷீஜா ஒன்பதாயிரம். திருப்புறம் பக்கம் மீன்பிடிக் குடும்பம் அவளுடையது. அவள் அப்பா அன்று கடலுக்குப் போகாமல் வந்து முன்னால் நின்றிருந்தார். நான் பெரிய எண்ணைப் பார்த்தேன், குலையைத் தம்பி தோளில் ஏற்றினேன்.

"அண்ணா, பெரிய நெய்மீனையும் பொடிச் சாளையையும் ஒண்ணா எண்ணி, சாளைதான் கூடுதல்னு எங்க கடப்புறத்துல சொல்லுவினுமா?" என்றாள் ஷீஜா.

"கணக்கு கணக்காக்கும், மக்கா" என்றேன், பெரிய ஜட்ஜி மாதிரி.

அவள் அப்பா, "வா மக்கா, போவலாம்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் புள்ளிகளை எழுதி வைத்த நோட்டைப் புரட்டினேன். கார் ஓட்டிய எல்லாருமே எழுபதாயிரம் தாண்டியிருந்தார்கள். வண்டியை நேரே விட்டாலே புள்ளி ஏறும். கட்டையில் ஷீஜாவைத் தவிர ஒருவரும் இரண்டாயிரத்தைத் தொடவில்லை. காரையும் கட்டையையும் நேருக்கு நேர் நிறுத்தியது என் முட்டாள்தனம். அவரவர் விளையாட்டில் மற்றவர்களைத் தாண்டி யார் எவ்வளவு தூரம் போனார்கள் என்று பார்த்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் குலை அவளுடையது.

தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா அந்தக் குலையைக் காட்டிக்கொண்டிருந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. பழுத்ததும் நானும் தின்றேன்.

அடுத்த ஓணத்துக்கு ஷீஜா வரவில்லை. கம்ப்யூட்டர் பழைய சாமான் வண்டிக்குப் போயிற்று. கிளப் இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை. ஆடியவர்களில் நீ எத்தனையாவது என்று இன்றைக்குப் போனே சொல்லிவிடுகிறது. நோட்டோடு உட்கார ஆள் வேண்டாம்.

பாறசாலையில் அந்தப் பெண்கள் சண்டை தீராமலே இறங்கினார்கள். ஒப்பிட முடியும் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அதை முதலில் கேட்க வேண்டியவள் ஷீஜா. அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது.