பெட்டிசம் சாலிஹ் சேர்த்து வைத்த துஆ

காத்தான்குடியில் அப்போது சாலிஹ் என்ற பெயரில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரை மட்டும் ஊர் முழுக்கப் பெட்டிசம் சாலிஹ் என்று அழைத்தது. விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு, மைக்கூட்டையும் பேனாக்கட்டையையும் காகிதக் கட்டையும் ஒரு பனையோலை உமலில் போட்டுக்கொண்டு, கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு நகரத்துக்கு நடப்பார். அரசாங்கக் கந்தோர்களுக்குப் போகிற வழியில் ஒரு வாகைமரம். அதன் நிழலில் சாக்கை விரித்து உட்காருவார். துரைமாரிடம் கேட்க ஏதாவது இருந்து, கேட்கிற மொழி தெரியாதவர்கள் எல்லாரும் அந்த மரத்தடிக்கு வந்து சேர்வார்கள்.

பெட்டிசம், அதாவது மனு, எழுதுவதில் அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. ஒருமுறை படுவான்கரையிலிருந்து இளையதம்பி என்ற வெள்ளாமைக்காரர் வந்தார். துரையிடம் கேட்க அவருக்கு ஏழு காரியங்கள் இருந்தன. வயல் வட்டைக்கு வாய்க்கால் வெட்டித் தர வேண்டும், யானை விரட்டத் துவக்கு வேண்டும், பக்கத்து வளவுக்காரனின் எருமையை அடக்க வேண்டும், இப்படி.

"ஏழையும் எழுதினா ஏழும் போச்சு," என்றார் சாலிஹ். "பெரிய எடத்துக்குச் சில்லறைய எல்லாம் கொண்டு போகப்படாது. அடிக்கடி போயும் நிக்கப்படாது. ஒண்டைக் கேளுங்க. அதையும் காலம் பாத்துக் கேளுங்க."

"அப்ப எருமை?"

"எருமைய நீங்க பாத்துக்கங்க. வாய்க்காலை நான் பாக்கிறன்."

அடுத்த போகத்துக்கு முன் வாய்க்கால் வந்துவிட்டது. இளையதம்பி ஒரு கதலிக் குலையோடு வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். சாலிஹுக்குத் தன் சட்டத்தின் மேல் இருந்த நம்பிக்கை அன்றோடு பாறையாக இறுகிவிட்டது. ஒரு துரையிடமே இந்த ஒழுங்கு வேண்டுமென்றால் ஏழு வானங்களுக்கும் உடையவனிடம் எவ்வளவு ஒழுங்கு வேண்டும் என்று யோசித்தார். யோசித்து, அதையே தன் வணக்கத்துக்கும் வைத்துக்கொண்டார்.

ஐந்து நேரத் தொழுகையில் அவர் ஒன்றையும் விட்டதில்லை. தொழுது முடித்துப் பள்ளியில் எல்லாரும் துஆவுக்குக் கையேந்தி மகளின் கலியாணத்தையும், மாட்டின் நோயையும், மச்சானின் வழக்கையும் முணுமுணுப்பார்கள். சாலிஹ் ஓத வேண்டியதை ஓதுவார். பிறகு தன் காரியம் எதையும் சொல்லாமல் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்துவிடுவார். பார்க்கிறவர்களுக்கு அது அடக்கமாகத் தெரிந்தது. அவருடைய கணக்கிலோ அது சேமிப்பு. என்றாவது ஒரு நாள் மிகப் பெரிய காரியம் ஒன்று வரும். அன்றைக்கு, அதுவரை வாய் திறந்து ஒன்றும் கேட்டிராத அடியானாகப் போய் நின்று ஒரே ஒரு தடவை கேட்பார். இல்லையென்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

மகள் நஸீறா பிறந்தபோது அந்தச் சேமிப்புக்கு ஆபத்து வந்தது. இரண்டு நாள் வலி. மருத்துவிச்சி வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினாள். சாலிஹ் முற்றத்தில் நின்று கையை உயர்த்திவிட்டார். ஆனால் இதைவிடப் பெரியது ஒன்று பின்னால் வந்தால் என்ன செய்வது என்று அவருக்குள்ளிருந்த பெட்டிசக்காரர் கேட்டார். அவர் தயங்கி நின்ற அந்த நேரத்தில் உள்ளே பிள்ளை அழுதது. பிள்ளையும் பிழைத்தது, சேமிப்பும் பிழைத்தது என்று அவர் இரட்டை நிம்மதியோடு கையை இறக்கினார்.

அவருடைய மனைவி சித்தி நபீஸாவுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. அவள் அல்லாஹ்விடம் பேசுவது, வேலிக்கு அப்பால் நிற்கிற ஆளோடு பேசுவது போல இருக்கும். "நாயனே, கிணத்துக்குள்ள வாளி விழுந்திட்டு, எடுத்துத் தா." "நாயனே, கறிக்குத் தேங்கா இல்ல, உனக்குத் தெரியாததா?" "நாயனே, இந்தக் கறுத்தக் கோழி அடைக்குக் கிடந்து பதினெட்டு நாளாச்சு, குஞ்சு நல்லாப் பொரிக்கட்டும்." காலையில் அடுப்பு மூட்டும்போது தொடங்கினால் விளக்கு வைக்கிற வரைக்கும் இது ஓயாது.

சாலிஹுக்கு உடம்பு கூசும். துரையின் மேசையில் போய் ஒருத்தி வாளியையும் தேங்காயையும் கொட்டுவது போலிருக்கும். தடுத்துப் பார்த்தார். "படைச்சவனுக்கு வேற வேலை இல்லையாகா?" என்றார்.

"இரிக்கும். ஆனா அவன் களைக்கிற இல்லையே," என்றாள் நபீஸா.

தடுக்க முடியாததால் அவர் வேறு வழி எடுத்தார். அவள் கேட்பது மேலே போய்ச் சேருமுன் தாமே முடித்துவிடுவது. அவள் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, கயிற்றில் கொக்கி கட்டிக் கிணற்றைத் துழாவி வாளியை எடுத்துக் கட்டின் மேல் வைத்தார். நகரத்திலிருந்து வரும்போது இரண்டு தேங்காயைக் குசினி வாசலில் ஓசைப்படாமல் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலக் கால் கழுவப் போனார். நபீஸா தேங்காயைப் பார்த்ததும் இரண்டு கையையும் உயர்த்தி, "அல்ஹம்துலில்லாஹ்! கேட்ட வாய் மூட முன்னம் தந்திட்டான்," என்றாள்.

கொண்டு வந்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாலிஹுக்கு உள்ளே சுருக்கென்றது. நான்தான் வைத்தேன் என்று சொன்னால் படைத்தவனோடு பங்குக்கு நின்றது போலாகும். சொல்லாமல் விட்டால் தொண்டையில் முள் நிற்கிறது. சொல்லாமல் விட்டார். இப்படியே இருபத்திரண்டு வருஷம் போனது. அவளுடைய துஆக்களில் மூன்றில் ஒன்றையாவது தாமே நிறைவேற்றி வைத்திருப்பதாக அவருக்கு ஒரு மதிப்பீடு இருந்தது. வாகைமரத்தடியில் ஆளில்லாத நேரங்களில் அதை நினைத்துக் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொள்வார். ஒன்றை மட்டும் அவரால் செய்ய முடியவில்லை. "கூரை ஒழுகுது நாயனே, மாரிக்கு முன்னம் மேஞ்சு தா" என்று அவள் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்குக் கூரையில் ஏறப் பயம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு மாரியில் சாலிஹ் நெருப்புக் காய்ச்சலில் விழுந்தார். ஏறாவூரிலிருந்து பரியாரி வந்து நாடி பார்த்தார். இருபத்தொரு நாள் தாண்ட வேண்டும், அதுவரை பச்சைத் தண்ணீர் நாக்கில் படக்கூடாது என்று கட்டளை போட்டார். கொதித்து ஆறிய கஷாயம் மட்டும், அதுவும் சங்கால் அளந்து. பள்ளி லெப்பை வந்து ஓதி ஊதிவிட்டுப் போனார்.

கிடக்கையில் கிடந்த சாலிஹுக்குக் காது மட்டும் தெளிவாகக் கேட்டது. நபீஸா வழக்கம்போல வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நாயனே, வீட்டில ஒரு மீன் துண்டில்ல. இந்த மனிசனுக்குக் காய்ச்சல் தெளிஞ்சதும் ரெண்டு ஓரா இரிந்தா நல்லம்." சாலிஹ் பதறினார். இனி யார் கொண்டு வந்து வைப்பார்கள்? நான் கிடக்கிறேனே! அன்று மத்தியானம் ஆற்றங்கரை அழகரத்தினம் வாசலில் வந்து நின்றான். முன்னொரு காலத்தில் அவனுடைய வலைப்பாட்டுத் தகராறுக்குச் சாலிஹ் ஒரு பெட்டிசம் எழுதிக் கொடுத்திருந்தார். அவன் கையில் ஓலையில் கோத்த நாலு ஓரா மீன். "அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் நபீஸா. காய்ச்சல் மயக்கத்திலும் சாலிஹுக்குச் சந்தேகம் வந்தது. வேலிக்குப் பின்னால் நின்று கேட்டிருப்பானோ?

பத்தொன்பதாம் நாள் காய்ச்சல் உச்சத்துக்கு ஏறியது. பரியாரி நாடியைப் பிடித்துவிட்டு மகளுக்கு ஆளனுப்பச் சொன்னார். ஏறாவூரில் வாழ்க்கைப்பட்ட நஸீறா வந்து கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள். சாலிஹுக்குத் தெரிந்துவிட்டது. காலம் பார்த்துக் கேட்க வேண்டிய அந்தக் காலம் இதுதான். இத்தனை வருஷம் சேர்த்து வைத்ததெல்லாம் இந்த ஒரு பகலுக்காகத்தான். கண்ணை மூடி வாசகத்தை அமைக்கத் தொடங்கினார். முதலில் புகழ்ச்சி. பிறகு, இதுவரை ஒன்றும் கேட்காததற்கான ஆதாரம். பிறகு கோரிக்கை: உயிர் போகாமல் ஹயாத்தை நீட்டித் தரவும். எல்லாம் சரியாக வந்தது. கையை நெஞ்சளவுக்கு உயர்த்தி வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தொண்டை வெயிலில் காய்ந்த தோல் போலக் கிடந்தது.

"யா அல்லாஹ்," என்றார். "தண்ணி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. திருப்பி எடுக்க முடியாது. அந்நேரம் கிழக்கே கடற்பக்கமிருந்து மழை இரைந்துகொண்டு வந்து கூரையில் விழுந்தது. மேயாத கிடுகுக்குள்ளால் முதலில் ஒரு துளி அவர் நெற்றியில் விழுந்தது. அடுத்தது மூக்கில். மூன்றாவது நேரே வாய்க்குள். பிறகு நூல் பிடித்தது போல ஒழுகியது. நஸீறா பதறி எழுந்து பாயை இழுக்க வந்தாள். சாலிஹ் பலமெல்லாம் கூட்டித் தலையை ஆட்டி அவளைத் தடுத்தார். கூரை மேய்ந்து தரச் சொல்லி நபீஸா கேட்டது கிடைக்காமல் போனதால் அவர் கேட்டது கிடைத்தது. வயிறு குளிரக் குடித்தார். பிறகு தூங்கிவிட்டார்.

மறுநாள் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. பரியாரி தன் கஷாயம் என்றார். லெப்பை தன் ஓதல் என்றார். நபீஸா மேலே கையைக் காட்டினாள். பச்சைத் தண்ணீர் குடித்ததைச் சாலிஹ் பரியாரியிடம் சொல்லவில்லை. அவருக்கு வேறொரு துக்கம். உடம்பு தேறத் தேற அது வளர்ந்தது. ஒரு நாள் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மனைவியிடம் சொல்லிவிட்டார்.

"ஆயிசில நான் ஒண்டுமே கேட்டதில்லகா. எல்லாத்தையும் சேத்து வெச்சிரிந்தன். கடைசியில ஒரு வாய்த் தண்ணியக் கேட்டு எல்லாத்தையும் அழிச்சிட்டன்."

நபீஸாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதென்ன பட்டறையில போட்டு வெச்ச நெல்லா மச்சான், அள்ள அள்ளக் குறையிறதுக்கு?"

அந்தச் சிரிப்பு அவரைச் சுட்டது. இருபத்திரண்டு வருஷ முள்ளும் அத்தோடு வெளியே வந்தது. "நீ சிரி. வாளிய எடுத்து வெச்சது ஆரு? தேங்கா கொண்டு வந்தது ஆரு? எல்லாம் நான்!"

"தெரியும்," என்றாள் அவள்.

"தெரியுமா?"

"கலியாணம் முடிச்ச முதல் வருஷம் உங்களிட்டத்தான் கேட்டன். தேங்கா வேணும் எண்டா 'பாப்பம்' எண்டீங்க. வாளி விழுந்திட்டு எண்டா 'நாளைக்கு' எண்டீங்க. உங்கட நாளைக்கு எப்ப வந்திச்சு? மறுகா படைச்சவனிட்டக் கேட்டுப் பாத்தன். அண்டைக்கே வந்திச்சு. பிறகு நான் என்னத்துக்கு உங்களிட்டக் கேக்கிற?"

"கொண்டு வந்தது நான்தானே!"

"ஓம். இல்லையெண்டு ஆரு சொன்ன? என்ட சொல்லுக்கு அசையாத மனிசனை அவன் அசைச்சிரிக்கான். அதுக்குத்தான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னன்."

சாலிஹ் கஞ்சிக் கோப்பையை மறுபடி கையிலெடுத்தார். இவள் பக்தைதானா, இல்லை தன்னைவிடக் கெட்டிக்காரப் பெட்டிசக்காரியா என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம் என்பது அவருக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

நடக்கிற பலம் வந்த முதல் நாள், அவர் தடியூன்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார். அழகரத்தினம் தோணியைக் கவிழ்த்துப் போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"உண்மையச் சொல்லு அழகரத்தினம். அண்டைக்கு எங்கட வேலிக்கு அங்கால நிண்டுதானே கேட்ட?"

"என்னத்தக் காக்கா?" என்றான் அவன், அண்ணன் முறை வைத்து.

"எங்கட வீட்டில மீனில்ல எண்டு நபீஸா சொன்னத."

"நான் ஏன் உங்கட வேலியில நிக்கிற? அண்டைக்கு மீன் கூடப் பட்டிச்சு. எல்லாருக்கும் குடுத்து நாலு மிஞ்சிச்சு. காக்கா காய்ச்சலாக் கிடக்காரே எண்டு ஒரு நெனப்பு வந்திச்சு, கொண்டு வந்தன்."

"அந்த நெனப்பு எத்தின மணிக்கு வந்திச்சு?"

அழகரத்தினம் சுரண்டுவதை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தான். "காக்கா, காய்ச்சல் இன்னும் தெளியல்லப் போல. வெயிலில நிக்காம வீட்ட போங்க."

திரும்பி வரும் வழியில் செருப்பு வார் அறுந்தது. மணல் நெருப்பாகக் கொதித்தது. சாலிஹ் சுற்றுமுற்றும் பார்த்தார். யாருமில்லை. சேமிப்புத்தான் போய்விட்டதே, இனி வெட்கப்பட என்ன இருக்கிறது என்று தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "யா அல்லாஹ், செருப்பு அறுந்திட்டு. ஒரு வழி பண்ணித் தா," என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சின்னக் காரியத்தைத் தெரிந்தே வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். மாட்டுக்கரத்தை ஒன்றும் வரவில்லை. நிழலும் வரவில்லை. ஒரு நாரை மட்டும் ஆற்றின் மேலால் பறந்து போனது. கொதிக்கிற மணலில் குதித்துக் குதித்து வீடு வந்து சேர்ந்தார்.

"கேட்டன். கிடைக்கல்ல," என்றார், குற்றம் சாட்டுகிற குரலில்.

நபீஸா அவர் பாதத்தில் தேங்காயெண்ணெய் தடவினாள். "எல்லாம் கேட்ட உடன கிடைக்குமா? எனக்கே பாதிதான் கிடைக்கிற. நாளைக்கும் கேளுங்க."

நாளைக்கும் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். நாலாம் நாள் மனம் பொறுக்காமல் நகரத்துக்குப் போய்த் தாமே ஒரு சோடி செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டார். கல்லடிப் பாலத்தில் வரும்போது அவருக்கு ஒரு குழப்பம் வந்துவிட்டது. இதற்கு நன்றி சொல்ல வேண்டுமா வேண்டாமா? கேட்டவரும் அவரே, கொண்டு வந்தவரும் அவரே. பாலத்தின் நடுவில் நின்று தண்ணீரைப் பார்த்து வெகுநேரம் யோசித்தார். பின்னால் வந்த மாட்டுக்கரத்தைக்காரன் வழி விடச் சொல்லிச் சத்தம் போட்டான். எதற்கும் இருக்கட்டும் என்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.