கிணற்றுக்கு விலை கேட்ட வழக்கு

என் சீதனக் காணி கரம்பொனில் இருந்தது. வளவுக்குள்ளேயே ஒரு கிணறும் உண்டு. ஆனால் தண்ணீர் உவர். உடுப்புத் தோய்க்கலாம், குடிக்க முடியாது. குடிதண்ணீர் பக்கத்து வளவுக் கிணற்றில்தான். அந்தக் கிணற்றில் எனக்குப் பங்கும், அதற்குப் போய்வர வழியும் உண்டு என்று என் காணிப் பத்திரமான உறுதியில் எழுதியிருந்தது.

பக்கத்து வளவுக்காரர் என் கணவருக்கு மாமா முறை. மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு ஊருக்குத் திரும்பியவர். என் கணவர் காய்ச்சலில் இறந்து ஆண்டுத் திவசம் முடிந்த சில நாட்களில், அவர் அந்த வழியை மறித்து வேலி அடைத்தார். நான் போய்க் கேட்டேன்.

"உம்மட வளவுக்கையும் கிணறு கிடக்குத்தானே? பிறகென்ன?" என்றார்.

"அது உவர் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே மாமா."

"அப்ப கோட்டிலை போய்ச் சொல்லும்."

கோடு, அதாவது நீதிமன்றம், என்றதுமே நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். சிறுமியாக இருந்தபோது, வழக்கில் தோற்ற ஒருவரின் வீட்டுக்கு முன்னால் கோட்டுக் கட்டளையை நிறைவேற்றும் பிஸ்காலின் ஆட்கள் பறை அடித்து ஏலம் கூறியதைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரி குசினிக்குள் இருந்து வெளியே வரவேயில்லை. எனக்கும் அந்தக் கதி வந்தால், அம்மாவையும் மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போவேன்?

மாரி முடியும்வரை பொறுத்தோம். கோடை வந்ததும் தூரத்துக் கோயில் கிணற்றிலிருந்து அம்மா குடம் சுமக்கத் தொடங்கினார். ஒருநாள் வழியில் தலைசுற்றி விழுந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் உறுதியை எடுத்துக்கொண்டு ஊர்காவற்றுறையில் வழக்குப் பேசும் ஒரு பிரக்கிராசியாரிடம் போனேன்.

அவர் உறுதியை வாசித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இந்தக் கிணற்றுப் பங்கு என்ன பெறும்?"

"தண்ணி அள்ளுற உரிமைக்கு எப்பிடி ஐயா விலை சொல்லுறது?"

"சொல்லத்தான் வேணும் பிள்ளை. வழக்கின்ரை பெறுமதியைப் பாத்துத்தான் முத்திரை ஒட்டிறது. கூடச் சொன்னால் முத்திரையும் கூட. வழக்கும் யாழ்ப்பாணத்துப் பெரிய கோட்டுக்குப் போயிடும். உம்மாலை ஏலாது."

வழி மறித்ததற்கு நட்டஈடும் கேட்டு எழுதி, தோட்டக்காணி விலைகளை விசாரித்து அவரே ஒரு பெறுமதி போட்டார். அது இங்குள்ள சின்னக் கோட்டின் எல்லைக்குள் அடங்கியது. அம்மாவின் காப்பை விற்று முத்திரைக்குக் கொடுத்தோம். நான் கையெழுத்து வைத்தேன்.

சில கிழமைகளில் மாமா தரப்பின் மறுமொழி வந்தது. வழியைப் பற்றி அதில் பெரிதாக எதுவும் இல்லை. கிணற்றுப் பங்கின் பெறுமதியை நான் குறைத்துக் காட்டியிருக்கிறேன், ஆகவே சின்னக் கோட்டுக்கு இதை விசாரிக்க அதிகாரம் இல்லை, வழக்கைச் செலவுத்தொகையோடு தள்ளவேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

"தள்ளினால்?" என்று கேட்டேன்.

"அவையின்ரை செலவை நீர் கட்டவேணும். பிறகு பெரிய கோட்டிலை புதுசாய்ப் போடவேணும்."

"கட்ட ஏலாட்டி?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குப் பறைச்சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

தவணை நாள் வரை சோறு இறங்கவில்லை. படலை திறக்கும் ஒலி கேட்டாலும் கோட்டு ஆட்களோ என்று எட்டிப் பார்த்தேன். விலையைப் பொய்யாகச் சொன்னேன் என்று மறியலில் அடைத்துவிடுவார்களோ என்றும் பயந்தேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

விசாரணை அன்று சாட்சிக் கூண்டில் ஏறினேன். கூண்டின் மரச்சட்டத்தை இறுக்கிப் பிடித்தேன். எல்லோரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். மொழிபெயர்ப்பவர் எனக்கு வேண்டியதை மட்டும் தமிழில் சொன்னார். நீதவான் எதையோ எழுதும்போதெல்லாம் என் காணி போகிறது என்றே நினைத்தேன். பெறுமதி எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். "எனக்குத் தெரியாது ஐயா, விசாரிச்சுப் போட்டது" என்றேன். மாமாவின் பிரக்கிராசியார் சிரித்தார்.

அடுத்து மாமா ஏறினார். இஸ்திரி போட்ட வேட்டி, சால்வை. என் பிரக்கிராசியார் மெதுவாக எழுந்து தமிழிலேயே கேட்டார்.

"இந்தக் கிணற்றுப் பங்கு அவ்வளவு பெறுமதியோ?"

"ஓம். தீவுப் பகுதியிலை நல்ல தண்ணி எண்டால் அது பொன்."

"அந்தப் பொன்னை எத்தினை மாதமாய் இந்தப் பிள்ளைக்கு மறிச்சு வைச்சிருக்கிறியள்?"

மாமா தன் பிரக்கிராசியாரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் நீண்ட பேச்சு நடந்தது. நீதவான் மாமாவைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். தீர்ப்புத்தான் என்று நினைத்து விறாந்தை வாங்கில் இருந்துவிட்டேன்.

பிரக்கிராசியார் வந்து பக்கத்தில் நின்றார். "பயப்பிடாதையும். பெறுமதியைக் கூட்டினால் அவர் உமக்குக் கட்டவேண்டிய நட்டஈடும் கூடும், அவரின்ரை மறுமொழிக்கும் அந்தக் கணக்கிலைதான் முத்திரை ஒட்டவேணும் எண்டு நீதவான் சொல்லிப்போட்டார். இப்ப அவையள் சமாதானத்துக்கு வரினம்."

எனக்கு அதுவும் பயமாக இருந்தது. எழுதிக் கொண்டுவந்த தாளைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னேன். வேலி எடுக்கப்படும், அவரவர் செலவு அவரவருக்கு, நான் "அனுமதி பெற்று" தண்ணீர் அள்ளலாம் என்றிருந்தது.

"அனுமதி கேட்டு எண்டால் நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்றேன். "உறுதியிலை அப்பிடி இல்லை."

"உமக்குத் தண்ணிதானே வேணும்?" என்று மாமா தூரத்தில் நின்று கேட்டார்.

"நாளைக்கு நீங்கள் ஏலாது எண்டால் நான் என்ன செய்யிறது மாமா?"

பிரக்கிராசியார்கள் இருவரும் ஒதுங்கிப் பேசினார்கள். அந்தச் சொற்களைப் பேனாவால் வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் இரண்டு தரப்பும் சுருக்கமாக ஒப்பமிட்டோம். அதன் பிறகுதான் தாளின் அடியில் நான் முழுக் கையெழுத்து வைத்தேன்.

அடுத்த கிழமை வேலி திறந்தது. முதல்நாள் குடத்தோடு வேலியில் திறந்த பொட்டுக்கு முன்னால் நின்றேன், கால் எழவில்லை. மாமா சாய்மனைக் கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "நட பிள்ளை" என்று அம்மா பின்னால் நின்று சொன்னார். அள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். பாதித் தண்ணீர் சேலையில்.

பல மாதங்கள் அப்படித்தான் போய்வந்தேன். ஒருநாள் மாமாவின் மனைவி, மாமி, கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அள்ளும் துலாவின் கொடிக்கயிறு காற்றில் ஆடி என் கைக்கு எட்டவில்லை. அவர் எழுந்து ஈரக் கையால் கொடியைப் பிடித்துத் தந்தார்.

"அம்மாவுக்கு இப்ப சுகமோ?"

"ஓம் மாமி."

அந்த வருடம் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.