நான் கொன்ற பச்சைப் பூசணம்

மாட்டுக்கொட்டகை நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடியிருந்த எருக்குவியலை என் மனைவி பதினைந்து நாளாகக் கிளறி, தண்ணீர் தெளித்து வந்தாள். பாப்பாரப்பட்டியில் பெண்களுக்கு நடந்த பயிற்சியில் கற்று வந்த வேலை. மஞ்சள் கிழங்கை அழுகவிடாமல் காக்கும் பூஞ்சையை எருவில் வளர்ப்பது. ஊரில் அவள்தான் முதலில் செய்தாள். சரியாக வந்தால் மற்றப் பெண்களுக்கும் அவளே சொல்லிக்கொடுப்பதாகப் பேச்சு. என்னிடமும் எல்லாம் சொன்னாள். நான் போனைப் பார்த்துக்கொண்டே "ம்" போட்டேன்.

அவள் நல்லம்பள்ளியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த அன்று சாக்கைத் தூக்கினேன். குவியல் முழுக்கப் பச்சைப் பூசணம். போச்சுடா, எரு கெட்டுவிட்டது என்று, தக்காளிக்கு அடித்து மிச்சமிருந்த, பூசணத்தைக் கொல்லும் மருந்தைக் கரைத்து ஊற்றினேன். பெரிய கெட்டிக்காரன்!

திரும்பி வந்தவள் தலையில் கை வைத்தாள். "அய்யோ, அந்தப் பூசணந்தாங்க மருந்தே!"

தப்பு என்று அந்த நிமிடமே தெரிந்தது. ஆனாலும் என் வாய் இருக்கிறதே! "பூசணம் புடிச்ச எருவக் காட்டி மருந்துன்றியா? ஆருகிட்ட கதை வுடற?" என்று கத்தினேன். நடவு நெருங்கிவிட்டது, மறுபடி வளர்க்க நாளில்லை. அந்தச் செத்த எருவைப் போட்டுத்தான் மஞ்சள் நட்டோம்.

ஐப்பசி மழையில் இலை ஓரம் பழுத்தது. தண்டைத் தொட்டால் கையோடு வந்தது. கிழங்கு கூழாகி நாறியது. பயிற்சி கொடுத்த அதிகாரியம்மா ஊர்ப் பெண்களையும் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார்.

"எருவுல பச்சை வந்துச்சாம்மா?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. "இல்லீங்க மேடம். நாந்தான் தண்ணி தெளிக்க மறந்துட்டேன்."

என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. "படிச்சிட்டு வந்த இவளுக்கே வரல, நமக்கெங்க வரப்போவுது" என்றாள் ஒருத்தி. அதற்குப் பிறகு யாரும் அவளிடம் எதுவும் கேட்டு வரவில்லை.

இந்த வருடம் மறுபடி குவியல் போட்டாள். தினமும் நான்தான் தண்ணீர் தெளிக்கிறேன். நேற்று பச்சை பூத்தது. பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "நீ மறந்துடுவேன்னு அண்ணனே தெளிக்கிறாராக்கா?"

"ஆமா, எனக்கு ஞாபகம் பத்தாது" என்று இவளும் சிரித்தாள். குடத்தோடு நின்ற நான் நேற்றும் வாயைத் திறக்கவில்லை.