ஸ்பெயினில் ஒரு தட்டு, வடக்குப்பட்டில் ஒரு விரல்

முன்பின் தெரியாத பெண்ணுக்கு நாற்பது நாள் சோறு போட முன்வரும் குடும்பத்தில் கல்யாணமாகாத மகன் ஒருவன் கட்டாயம் இருப்பான் என்று எங்கள் வீட்டில் அன்று எல்லாரும் நம்பினார்கள். கல்லூரி இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில், உதவித்தொகை பெற்று ஸ்பானிஷ் படிக்க நான் ஸ்பெயினுக்குப் புறப்பட்டபோது, என் பெட்டிக்குள் ஊறுகாய் போவதற்கு முன்பே அந்தச் சந்தேகம் போய் உட்கார்ந்துவிட்டது.

“ஹாஸ்டல்னு போட்டிருந்தா நான் இன்னாத்துக்குக் கேக்கப் போறேன்? குடும்பம்னு போட்டுக்கீறான்” என்று கல்லூரிக் கடிதத்தை அப்பா திரும்பத் திரும்ப மடித்தார்.

“நான் பாத்துக்கிறேன்” என்றாள் அம்மா. பார்ப்பதுதான் அவள் தொழில். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், பதினோரு ஆண்டுகளாகக் கடைசிப் பரிசோதனையில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு பாகத்தையும் விரலால் சுட்டி, வாய்விட்டு ‘ஓகே’ சொல்ல வேண்டும் என்பது அந்த லைனின் விதி. விதி வீடுவரை வந்துவிட்டது. “கேஸ் ஆஃப், ஓகே. மோட்டார் ஆஃப், ஓகே. பூட்டு, ஓகே” என்று அவள் காற்றில் குத்திக்கொண்டே படியிறங்குவாள். நான் கல்லூரிக்குச் சென்ற முதல் நாள், பேருந்து நிறுத்தத்தில் எல்லார் முன்னிலையிலும் என் தலைமுதல் செருப்புவரை சுட்டி முடித்துத்தான் அனுப்பினாள். அந்த நாணம் எனக்கு வெகுநாள் தீரவில்லை.

அந்தப் பயணத்தில் என்னுடன் வந்த உண்மையான கவலை வேறு. கோடையின் இறுதியில் ஒரு வாய்மொழித் தேர்வு இருந்தது. அதில் தேறினால், படிப்பு முடிந்ததும் மொழிபெயர்ப்பாளர் வேலைக்குக் கல்லூரி பரிந்துரைக்கும். தேறாவிட்டால், அம்மாவின் சூப்பர்வைசர் எனக்கென்று லைனில் ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். “நிக்கறது என்னோட போவட்டும்டி. நீ உக்காந்து வேல பாரு” என்று அம்மா ஒரே ஒருமுறை சொன்னாள். நானோ எழுத்தில் பிழையின்றி எழுதி, வாயைத் திறந்தால் கல்லாகிவிடும் மாணவி. “உன் கையெழுத்து எனக்குத் தெரியும். உன் குரல்தான் தெரியவில்லை” என்று அங்கிருந்த ஆசிரியை முதல் வாரமே குறைப்பட்டார்.

நான் தங்கிய வீட்டில் இருந்தவர் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் மட்டுமே. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மதிய உணவை மேசையில் வைக்கும்போது அங்கே இரண்டரை மணி, எங்கள் ஊரான வடக்குப்பட்டில் மாலை ஆறு. காலை ஷிப்ட் முடிந்து, குளித்து, தேநீர் குடித்த கையோடு அம்மா வீடியோ அழைப்பில் வந்தாள்.

“மொதல்ல வூட்டக் காட்டு.”

காட்டினேன். “கட்டில் ஓகே. ஜன்னல் ஓகே. தாப்பா எங்கடி? தாப்பா ஓகே.” விரல் சட்டென்று நின்றது. “நில்லு! யாரு அது?”

சுவரில், ராணுவச் சீருடையில் மீசை வைத்த ஓர் இளைஞரின் படம்.

“பாத்தியா, புள்ள கீது!”

என்ன கேட்கிறாள் என்று அம்மையார் என்னைப் பார்த்தார். வேறு வழியின்றிச் சொன்னேன். அவர் படத்தின் கண்ணாடியை முழங்கையால் துடைத்தார். “என் கணவர். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. அவர் போய் ஒன்பது வருடமாகிறது.”

அதைத் தமிழில் சொன்னதும் அம்மாவின் விரல் மெல்ல மடங்கியது. “அக்காவாண்ட சொல்லு, தெரியாம கேட்டுட்டேன்னு.” படத்தை மறுபடி உற்றுப் பார்த்து, “ஆளு லட்சணமா கீறாரு. அதையும் சொல்லு” என்றாள்.

சொன்னேன். அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டே உரக்கச் சிரித்தார். மறுநாள் இரண்டரை மணிக்கு, அழைப்பு வருமுன்னரே கைபேசியைத் தண்ணீர்க் குடுவையில் சாய்த்து வைத்துக் காத்திருந்தார்.

அதன்பின் என் சாப்பாடு இரு நாடுகளின் விவகாரமாயிற்று. உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துச் சுட்ட தடித்த அடையை அம்மா திரையில் ஆராய்ந்தாள். “முட்ட ஓகே. கெழங்கு ஓகே. காரம் எங்க? ரிஜெக்ட்.”

“என் வீட்டில் பசியோடு எழுந்தவர் யாருமில்லை என்று உன் அம்மாவிடம் சொல்.”

“அப்ப ஏன் நீ துரும்பாட்டம் கீற? அதக் கேளு.”

அம்மையார் எழுந்து குளியலறைக்குப் போனார். எடை பார்க்கும் கருவியோடு திரும்பினார். திரைக்கு எதிரே என்னை அதன்மேல் நிற்க வைத்து, எண்ணைச் சுட்டி, “ஓகே?” என்று முழங்கினார். வந்ததைவிட இரண்டு கிலோ கூடியிருந்தேன். “வெயிட் ஓகே” என்று அம்மா தோற்றதைக் கௌரவமாக ஒப்புக்கொண்டாள். அன்றிலிருந்து அம்மையாரும் அடுப்பை அணைத்துவிட்டு அதை நோக்கி விரல் நீட்டத் தொடங்கினார். இருவருக்கும் நடுவே ஓயாமல் பேசிப் பேசி, இரவானால் என் தாடை வலித்தது.

ஆனாலும் தேர்வறையில் பழையபடி கல்லானேன். தேர்வாளர் ஒரு சமையலறைப் படத்தை என் முன் வைத்து, “விவரியுங்கள்” என்றார். நொடிகள் போயின. அவர் பேனாவை எடுத்தார். அப்போது என் வலது கை தானாக எழுந்தது.

“அடுப்பு அணைந்திருக்கிறது, ஓகே. ஜன்னல் திறந்திருக்கிறது, ஓகே. கத்தி மேசை விளிம்பில் இருக்கிறது. பக்கத்தில் குழந்தை. இந்தச் சமையலறையை என்னால் ஏற்க முடியாது.”

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். “எதற்காக இப்படிச் சுட்டுகிறீர்கள்?”

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். லைன், பேருந்து நிறுத்தம், தாழ்ப்பாள், மீசைக்காரர், எடைக் கருவி என்று எல்லாம் வந்தன. நேரம் முடிந்த மணி அடித்தும் அவர் என்னை நிறுத்தவில்லை. கடைசியில் தம் விரலை என் பக்கம் நீட்டி, ஒரே ஒரு சொல் சொன்னார்.

தேர்வு நடந்த கட்டடத்தின் வாசலில் அம்மையார் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நின்றிருந்தார். அங்கே காலை பதினொன்று. ஊரில் பிற்பகல் இரண்டரை, அம்மா கம்பெனி பஸ்ஸில் இருந்தாள். ஷிப்ட் விட்டு வந்த முப்பது பெண்களின் முகங்கள் ஒரு சின்னத் திரைக்குள் முட்டி மோதின.

“இன்னாடி ஆச்சு?”

“பாஸும்மா!”

பஸ் முழுக்க விரல்கள் நீண்டன. “தல ஓகே! கம்மல் ஓகே! சட்ட ஓகே! பாஸ் ஓகே!” டிரைவர் எதற்கென்று தெரியாமலே ஹாரன் அடித்தார். அம்மையார் சாலையோரத்தில் நின்று அந்த முப்பது பேரையும் ஒவ்வொருவராகச் சுட்டி ஓகே சொன்னார். நான் நாணவில்லை, செருப்பைக்கூடத் தூக்கிக் காட்டினேன்.

அந்தத் தேர்வு என்னை உட்கார்ந்து பார்க்கும் வேலையில் சேர்த்தது. வேலை என்னை இரண்டு வீடுகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு நகரத்துக்குக் கொண்டுபோயிற்று. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு அழைத்தால் அம்மாவின் எண் எப்போதும் பேச்சில் இருக்கிறது. அவளுக்கு ஸ்பானிஷில் ஏழெட்டுச் சொற்கள் தெரியும். அம்மையாருக்குத் தமிழில் அதைவிடச் சற்றுக் குறைவு. தட்டுகளைக் காட்டி முடிக்க அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.

அந்த அழைப்பில் இப்போது நான் இல்லை. அவர்கள் இருவரும் இருக்கிறார்கள்.