தீவுக்குப் போன ஐஸ் பாளம்

நேற்று ரங்கூனில், எங்கள் லத்தாத் தெருவில் ஒரு சீனர் வீட்டுக் கல்யாணம். ஐஸ் பாளங்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து நடுத்தெருவில் இறக்கினார்கள். மேலே மூடியிருந்த நனைந்த உமியின் வாசனை மாடிவரை ஏறி வந்தது. அது எப்படிப்பட்ட வாசனை என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ; பாதி நெல் ஆலை, பாதி மாட்டுக்கொட்டகை. மற்றவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கோ கடலில் நீந்தும் யானை ஞாபகத்துக்கு வருகிறது. இதைப் பேத்தியிடம் சொன்னேன். தாத்தாவுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று தன் அம்மாவிடம் பர்மியில் சொன்னாள். எனக்கும் பர்மி தெரியும் என்பது அவளுக்கு அடிக்கடி மறந்துபோகிறது.

நீங்களாவது கேளுங்கள். ஜப்பான் யுத்தத்துக்கு முன்னால், இருபது வயதில், நான் ஒரு சின்ன நீராவிக் கப்பலில், பட்லர் கோ சின்னையாவின் கீழ், மேசையில் பரிமாறும் வேலையில் இருந்தேன். அவர் தமிழ் அப்பாவுக்கும் பர்மிய அம்மாவுக்கும் பிறந்தவர். பெயருக்கு முன்னால் பர்மிய மரியாதைக்கு ஒரு ‘கோ’, நெற்றியில் விபூதி, எந்தச் சாமி பெயரைச் சொல்லித் திட்டினாலும் இரண்டு பக்கமும் பொருந்தும். குளிர்காலத்தில் வெள்ளைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ரங்கூனிலிருந்து தெற்கே மெர்குயித் தீவுகள்வரை வேடிக்கை காட்டப் போகும் கப்பல் அது. சரக்கும் கிடையாது, அவசரமும் கிடையாது. திமிங்கிலம் மூச்சு விட்டால் நிற்கும். கரையில் குரங்கு நண்டு பிடித்தால் அதற்கும் நிற்கும். நாங்கள் அடுப்படியில் வெந்துகொண்டிருப்போம், மேல்தளத்தில் “ஆகா, ஓகோ” என்று சத்தம் கேட்கும்.

அந்தத் தீவுகளில் ஒன்றில், ரப்பர் தோட்டத்தில், என் அத்தான் மேஸ்திரி. அக்காளுக்கு முன்பு இரண்டு கர்ப்பம் தவறிப்போய், மூன்றாவதாக உண்டாகியிருந்தாள். மசக்கை பொல்லாத மசக்கை. சோற்றைக் கண்டாலே ஓடுகிறாள், கஞ்சித் தண்ணீர்கூட நிற்கவில்லை, ஆள் துரும்பாகிவிட்டாள் என்று ரங்கூனுக்கு வந்த தோட்டத்து ஆள் சொன்னார். அவள் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: ஐஸ். சிறுமியாக இருந்தபோது இதே லத்தாவில் சர்பத் கடை வாசலில் நின்று கடித்துத் தின்ற ஐஸ். அந்தத் தீவில் ஐஸுக்கு எங்கே போவது?

மசக்கைக்காரி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. ஆனால் அம்மா பயந்தது காதுக்காக அல்ல, இந்தப் பிள்ளையும் தங்காமல் போய்விடுமோ என்றுதான். “எப்பாடு பட்டாவது கொண்டு போய்ச் சேத்துடுடா” என்றாள். ஒரு பாளம் வாங்கிவந்தேன். கேப்டன் துரையும், வழியில் அந்தத் தீவில் இறங்கத்தான் போகிறோம், உன் ஐஸ் உன் பாடு என்று சொல்லிவிட்டார். அம்மாவே உமி கொட்டி, சாக்கில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து ஆணி அடித்துக் கொடுத்தாள்.

கப்பல் த்வாண்டேயிலிருந்து சட்டிபானை ஏற்றிவரும் படகுகளைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கியதும் எனக்குச் சொர்க்கத்தில் மிதப்பதுபோல் இருந்தது. மௌல்மேன் தாண்டியபின் கரையெல்லாம் காடு. இருவாச்சிகள் தலைக்கு மேல் பறந்தால் மூங்கில் தட்டியைக் காற்று உலுக்குகிற சத்தம் வரும். படகிலேயே பிறந்து படகிலேயே குடித்தனம் நடத்தும் சலோன்காரர்கள் நாய், கோழி, பிள்ளைகள் சகிதம் பக்கத்தில் வந்து சிரிப்பார்கள். கடற்பசு ஒன்று குட்டியை அணைத்துக்கொண்டு தண்ணீர்மேல் முகம் காட்டியது. அழகுதான், யார் இல்லையென்றது? ஆனால் கப்பல் ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் கீழே என் ஐஸ் சொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. இருவாச்சியையும் கடற்பசுவையும் நான் சபித்ததுபோல் வேறு யாரும் சபித்திருக்க மாட்டார்கள்.

டவாய் தாண்டிய அன்று பெட்டியடியில் குளமே கட்டியிருந்தது. கோ சின்னையா குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறியது.

“டேய், இது என்னடா உப்புக் கரிக்குது?”

திறந்து பார்த்தோம். உமிக்கு அடியில், பாளத்தைச் சுற்றி, கை கையாகக் கல்லுப்பு! எனக்குப் புரிந்துவிட்டது. மாங்காயோ மீனோ எலுமிச்சையோ, எதுவும் கெடக்கூடாது என்றால் அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வழி உப்பு. மகளுக்குப் போகிற பொருளாயிற்றே என்று தாராளமாகவே போட்டிருக்கிறாள்.

“அட புண்ணியவதி! ஐஸைக் கருவாடு போட்டிருக்காங்களே! உப்பு பட்டா ஐஸ் சீக்கிரம் கரையும்டா” என்று தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டே சிரித்தார், நானும் சிரித்தேன், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. துணியால் உப்பைத் துடைத்து வேறு உமி போட்டுக் கட்டினோம். பாளம் பாதிகூட இல்லை.

அடுத்த சங்கடம் மறுநாள் மாலையில் வந்தது. கண்ட இடத்திலெல்லாம் நின்று நின்று போனதில் பயணிகளுக்கான ஐஸும் தீர்ந்துவிட்டது. வெதுவெதுப்பான சோடாவைக் கண்டதும் துரைமார்கள் கொதித்தார்கள். கீழே ஒரு பெட்டி இருப்பது யாருக்கோ தெரிந்திருந்தது. கேப்டன் என்னைக் கூப்பிட்டு அந்த ஐஸைக் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷ் இதற்குப் போதவில்லை. கோ சின்னையாதான் முன்னால் வந்து, அக்காள், மசக்கை, தவறிப்போன இரண்டு பிள்ளைகள், அம்மா போட்ட உப்பு என்று ஒன்று விடாமல் சொன்னார். உப்புக் கதையைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நடித்தும் காட்டினார்.

கூட்டத்தில் வயதான துரைசாணி ஒருத்தி இருந்தாள். கப்பல் எங்கே நிற்க வேண்டும் என்று முதலில் கை நீட்டுகிறவளே அவள்தான். வடக்கே எங்கோ ஒரு கடலில், மலைமலையாக ஐஸ் உடைந்து தண்ணீரில் விழுவதை இதுபோன்ற சின்னக் கப்பலிலிருந்து பார்த்திருக்கிறாளாம். முதல் நாள் அதை அவள் சொன்னபோது, அவ்வளவுக்கும் உமிக்கு எங்கே போவார்கள் என்று நான் யோசித்தேன், என் புத்தி அப்படி. இப்போது அவள் மேசைப் பக்கம் திரும்பினாள். வெதுவெதுப்பான தம்ளரை எடுத்து, வேப்பெண்ணெய் குடிப்பதுபோல் கண்ணை மூடி ஒரே மடக்காகக் குடித்தாள். பிறகு கேப்டனைப் பார்த்து, “இனிமேல் எங்கும் நிற்க வேண்டாம்” என்றாள். மற்றவர்களும் முனகிக்கொண்டே குடித்து வைத்தார்கள்.

மறுநாள் காலையில்தான் யானை. இரண்டு தீவுகளுக்கு நடுவே, துதிக்கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, ஒரு கொம்பன் சாவகாசமாக நீந்திப் போகிறது! கப்பலே ஒரு பக்கம் சாய்கிற மாதிரி எல்லோரும் கம்பியருகே ஓடினார்கள். கேப்டன் துரைசாணியைப் பார்த்தார். அவள் தூரக் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. எடுக்காமலே, “போகட்டும், போகட்டும்” என்று இடது கையை முன்னால் வீசினாள். கப்பல் நிற்கவில்லை. அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருந்தது எனக்கு.

தீவின் படகுத்துறையில் நான் இறங்கியபோது பெட்டியில் மிஞ்சியிருந்தது உரித்த தேங்காய் அளவு. அக்காள் அத்தான் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்தெலும்பு தெரிந்தது. உமியைக் கழுவிக் கையில் கொடுத்தேன். ஒரு மூலையைக் கடித்தாள். நறுக்கென்ற சத்தம் எனக்குக் கேட்டது.

“உப்பா இருக்குடா தம்பி” என்றாள்.

அவள் அடுத்த மூலையைக் கடித்தாள். “நல்லா இருக்குடா. வாய்க்குப் பிடிக்குது.”

சாப்பிட்டாள் பாருங்கள், நின்ற இடத்திலேயே, முழங்கைவரை நீர் வழிய, ஒரு துண்டு விடாமல்! அன்று மாலை கஞ்சியும் குடித்தாள், அது தங்கியது. அந்த வயிற்றில் இருந்தவள் இன்று பேரன் எடுத்துவிட்டாள், காதும் நன்றாகவே கேட்கிறது. கடைசித் துண்டு உள்ளே போன பிறகுதான் அத்தான், “எனக்கு?” என்று பரிதாபமாகக் கேட்டார். அக்காள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு அத்தனை பேர் முன்னாலும் கொஞ்சமும் வெட்கப்படாமல் அவர் முகத்தில் நீளமாக ஊதினாள். “இந்தாங்க, இதான் மிச்சம்.” கப்பலிலிருந்து கைதட்டல் கேட்டது.

ஜப்பான் யுத்தத்தில் அந்தக் கப்பல் முழுகிப்போனது. தோட்டத்தைக் காடு எடுத்துக்கொண்டது. இந்தியாவுக்கு நடந்துபோன கூட்டத்தில் அக்காள் மலைப்பாதையிலேயே கண்ணை மூடிவிட்டாள். யுத்தம் முடிந்து, மகளை ஊரில் உறவுகளிடம் விட்டுவிட்டு, அத்தான் தனியாகத் திரும்பி வந்து எங்களோடு இருந்தார். கோடையில் தம்ளர் நிறைய ஐஸ் போட்டுக் கொடுத்தால் ஒரு வாய் குடிப்பார், வைத்துவிடுவார். “அவ ஊதினாளே மாப்பிள்ளை, அந்தக் குளுமை இதுல இல்ல” என்பார். இப்போது அத்தானும் இல்லை.